படத்தில் விழாத கை

பிலிம் சுருள் வந்த அந்தக் கறுப்பு டப்பாவின் சாம்பல் நிற மூடியை நகத்தால் நெம்பித் திறந்தால் முதலில் 'டப்' என்று ஒரு சத்தம் வரும், பின்னாலேயே காடியும் புது பிளாஸ்டிக்கும் கலந்ததுபோல ஒரு வாடை வரும். சுருளைக் கேமராவுக்குள் போட்டதும் காலி டப்பாவை நானும் தம்பியும் மூக்கில் கவிழ்த்துக்கொண்டு ஆளுக்கொரு இழுப்பு இழுத்துவிட்டுத்தான் அம்மாவிடம் கொடுப்போம். அம்மா அதில் ஊக்கு, திருகாணி, காய்ந்த வசம்பு என்று எதையாவது போட்டுப் பீரோவில் வைத்துவிடுவாள். போன மாதம் அந்தப் பீரோவைக் கிளறியபோது அப்படி ஒரு டப்பா அகப்பட்டது. திறந்து முகர்ந்து பார்த்தேன். வாடை எப்போதோ போய்விட்டிருந்தது, வசம்பு மட்டும் சுருங்கிக் கிடந்தது.

நான் தேடிக்கொண்டிருந்தது டப்பாவை அல்ல, என் அப்பாவின் வலது கையை. ஆந்திர எல்லைப் பக்கம் என்பதால் எங்கள் வீட்டில் அப்பாவை 'நைனா' என்போம். நைனா போன ஆனி மாதம் தவறிப்போனார். அவருடைய வலது கை தெரிகிற ஒரு போட்டோ, ஒன்றே ஒன்று இருந்தால் போதும் என்று தேடினேன். வீட்டில் நான்கு ஆல்பம் இருக்கிறது, என் போனிலும் தம்பி போனிலும் தள்ளத் தள்ளத் தீராமல் படங்கள் இருக்கின்றன, நைனாவின் முகம் நூற்றுக்கணக்கில் இருக்கிறது, சிரித்த முகம், தூங்கி வழிந்த முகம், திருத்தணியில் மொட்டை போட்ட முகம். கை மட்டும் எதிலும் இல்லை. இதற்கு யாரைக் குற்றம் சொல்வது என்று நீங்கள் யோசிக்க வேண்டாம், குற்றவாளி நான்தான். 'குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்' என்பார்கள். என் நெஞ்சு பன்னிரண்டு வயதில் குறுகுறுத்திருக்க வேண்டியது, அப்போது அது கேமராவைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்து நின்றது.

முதலில் அந்தக் கையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் நைனாவுக்கு முன்னால் எல்லோரும் அடுத்தவர் நெல்லை அறுத்தவர்கள். நைனாதான் முதன்முதலாக 'கேட்டு உள்ள' இருக்கிற கம்பெனி வேலைக்குப் போனவர். திருவள்ளூரை ஒட்டிய காக்களூரில் தகர மூடி அடிக்கிற ஒரு சின்னப் பட்டறை. தகட்டை வைத்துக் காலால் மிதித்தால் மேலிருந்து 'தொம்'மென்று இறங்குகிற பிரஸ் மிஷின் நைனாவுடையது. எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது ஒரு நாள் தகட்டை எடுப்பதற்குள் அது இறங்கிவிட்டது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு போயின, மோதிர விரலில் பாதி போயிற்று, கட்டை விரலும் சுண்டு விரலும் தப்பின. ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் எல்லோரும் தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்றே சொல்லிவிட்டுப் போனார்கள். நாலைந்து மாதம் கழித்து அதே பட்டறையில் மூடிகளை எண்ணிப் பெட்டி கட்டுகிற வேலையில் நைனாவை உட்கார வைத்தார்கள்.

நம் பாஷையில் விரலையும் கையையும் வைத்து எத்தனை சொலவடை இருக்கிறது என்பது விரல் போன வீட்டில் இருந்து பார்த்தால்தான் தெரியும். வாயைத் திறந்தால் ஒன்று வந்து விழும். பக்கத்து வீட்டு அண்ணன் தம்பி சண்டையைத் தீர்க்கப் போன அம்மா, "அஞ்சு விரலும் ஒண்ணாவா இருக்குது" என்று ஆரம்பித்துவிட்டு, கூட நின்ற நைனாவைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். நைனாதான், "சொல்லு சொல்லு, எனக்கு அந்தப் பேஜாரே இல்ல" என்றார். சண்டை போட்டவர்களே சிரித்துவிட்டார்கள். அவருக்கு அந்தக் கை ஒரு வெட்கமாக இருந்ததே இல்லை, இதை நீங்கள் நன்றாக மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கையால் டீ கிளாஸைக் கட்டை விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவில் நிறுத்திக் குடிப்பார், பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பார், தெருப் பிள்ளைகளின் கன்னத்தை நண்டு மாதிரி கவ்வுவார். அவருக்குக் கை போன பிறகு அம்மா விடிகாலை ஷிப்ட்டுக்கு ஒரு கம்பெனிக்குப் போக ஆரம்பித்தாள், அதனால் பள்ளிக்கூடத்துக்கு எனக்கு ரெட்டைப் பின்னல் போட்டுவிட்டதும் நைனாதான். வலது பக்கப் பின்னல் எப்போதும் கொஞ்சம் தளர்ந்து, பின்பக்கமாகச் சாய்ந்து நிற்கும். "கோணப் பின்னலு வந்துட்சி" என்று வகுப்பில் கிண்டல் பண்ணுவார்கள். நான் வாசலைத் தாண்டியதும் அவிழ்த்து மறுபடி போட்டுக்கொள்வேன்.

போட்டோ ஆசை நைனாவுக்கு விரல் போன பிறகுதான் வந்தது. ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, நாங்கள் நாலு பேரும் சேர்ந்தாற்போல ஒரு போட்டோகூட இல்லையே என்று தோன்றியதாம். பட்டறை சூப்பர்வைசர் புதுக் கேமரா வாங்கியதும் அவருடைய பழையதைக் கேட்டு வாங்கி, சாப்பாட்டுப் பையில் சுற்றிக்கொண்டு வந்தார். கறுப்பு பிளாஸ்டிக் கேமரா, முன்னால் ஒரு கண்ணாடி, பார்ப்பதற்கு ஓரத்தில் ஒரு சின்ன சன்னல், ஒவ்வொரு படத்துக்கும் கட்டை விரலால் 'கர்ரக் கர்ரக்' என்று திருகிவிட வேண்டும். நைனா அதைக் கண்ணில் வைத்துக்கொண்டார். பொத்தான் மேலே வலப்பக்கம் இருந்தது. வலது கை தானாக மேலே போய், பொத்தான் இருக்கிற இடத்தில் இல்லாத விரலால் அழுத்தப் பார்த்தது. இரண்டு நொடி அப்படியே நின்றார். பிறகு கேமராவை என்னிடம் நீட்டி, "இந்தா பாப்பா, இனிமே நீதான் போட்டோகிராபரு" என்றார். எனக்கு அந்தப் பதவி வந்த வழி இதுதான். அவருடைய விரல் இருந்திருந்தால் கேமரா என் கைக்கு வந்திருக்காது.

பதவி வந்தால் அறிவும் வர வேண்டும் அல்லவா. ரயிலடிப் பக்கம் வாங்கிவந்த மசால் வடையைச் சுற்றியிருந்த எண்ணெய்த் தாளில் எனக்கு அது கிடைத்தது. ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை இணைப்பின் பாதிப் பக்கம், குடும்பத்தோடு ஊருக்குப் போகும்போது நல்ல போட்டோ எடுப்பது எப்படி என்று வரிசையாகப் போட்டிருந்தார்கள். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். தலையை வெட்டாதீர்கள். வெளியூர் போகும்வரை காத்திருக்காமல் வீட்டுப் பக்கத்திலேயே எடுத்துப் பழகுங்கள். இதெல்லாம் சரி, யாருக்கும் தீங்கில்லை. நடுவில் ஒரு வரி இருந்தது: தேவையில்லாத எதுவும் படத்தின் சட்டத்துக்குள் வரக் கூடாது, கண்ணை உறுத்துவதைச் சட்டத்துக்கு வெளியே தள்ளிவிடுங்கள். எழுதியவர் குப்பைத் தொட்டியையும் கரண்டுக் கம்பத்தையும் நினைத்துத்தான் எழுதியிருப்பார். எண்ணெய்க் கறை காய்ந்ததும் அந்தத் தாளை மடித்துக் கணக்கு நோட்டுக்குள் வைத்துக்கொண்டு, தூங்கப் போவதற்கு முன்னால் பாடம் மாதிரி படித்தேன்.

எனக்குப் பன்னிரண்டு வயதில், அரையாண்டு லீவுக்குக் கும்மிடிப்பூண்டியில் அத்தை வீட்டுக்குப் போனோம். அத்தை நைனாவுக்கு அக்கா. மாமா அங்கே இரும்புக் கம்பி உருட்டுகிற ஆலையில் வேலை. நான்கு நாள் லீவில் ஒரு நாள் எல்லோரும் மின்ரயிலில் பொன்னேரி வந்து, அங்கிருந்து பஸ் பிடித்துப் பழவேற்காட்டுக்குப் போனோம். எங்களுக்கு அதுதான் முதல் 'டூரு'. நைனா முந்தின நாளே சட்டைக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி தேய்த்து வைத்தார், அம்மா புளிச்சோறு கட்டினாள், முப்பத்தாறு படத்துக்கான ஒரு சுருளைக் கேமராவில் போட்டுக்கொண்டு நான் எல்லோருக்கும் முன்னால் நடந்தேன். ஏரி அவ்வளவு பெரியதாக இருக்கும் என்று நினைக்கவில்லை. தூரத்தில் தண்ணீர் முடிகிற இடத்தில் பூநாரைகள் ரோஸ் கலர் கோடு மாதிரி நின்றன, கருவாட்டு வாடை, படகுகளின் மேல் காக்காய்கள்.

ஒரு படகைப் பின்னால் வைத்து எல்லோரையும் நிற்க வைத்தேன். சூரியன் என் முதுகுக்குப் பின்னால் வருகிற மாதிரி மூன்று தடவை இடம் மாற்றினேன், யாரும் முனகவில்லை, சுருள் வீணாகக் கூடாதென்று அவர்களுக்கும் பயம். சின்ன சன்னலுக்குள் பார்த்தேன். நைனா தம்பியின் தோளில் வலது கையைப் போட்டிருந்தார். வெள்ளைச் சட்டைமேல் அந்தக் கை கறுப்பாக, பாதியில் நின்றுபோன மாதிரி தெரிந்தது. எனக்கு அந்த எண்ணெய்த் தாள் ஞாபகத்துக்கு வந்தது. அதோடு இன்னொன்றும் வந்தது, அதை மறைக்கக் கூடாது: லீவு முடிந்ததும் இந்தப் படங்களைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போவதாக வகுப்பில் சொல்லி வைத்திருந்தேன்.

"நைனா, அந்தக் கைய பின்னாடி வச்சிக்கோ. போட்டோ நல்லா வராது."

படகுக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். நைனா தன் கையை எடுத்து, யாரோ தெரியாமல் அவரிடம் கொடுத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பதுபோல ஒரு தடவை பார்த்தார். பிறகு சிரித்தார்.

"அதுவும் கரெக்ட்டுதான். கேமரா பயந்துக்கப் போவுது."

மாமா சிரித்தார், தம்பி சிரித்தான், நான் பொத்தானை அழுத்தினேன். அன்றைக்கு எடுத்த மற்ற எல்லாப் படத்துக்கும் நைனா கையை முதுகுப் பக்கம் கட்டிக்கொண்டே நின்றார். கலங்கரை விளக்கம், ஐஸ் விற்கிற வண்டி, எலும்புக்கூடு செதுக்கிய பழைய டச்சுக் கல்லறை வாசல், எல்லா இடத்திலும் பரேடில் நிற்கிற போலீஸ்காரர் மாதிரி. எனக்குப் பெருமையாக இருந்தது, நான் சொன்னபடி ஒரு பெரியவர் நிற்கிறார் பாருங்கள். திரும்பும்போது ரயிலில் அம்மா வெளியே பார்த்தபடி, யாரிடம் சொல்கிறாள் என்றில்லாமல், "நெல்ல கொட்னா அள்ளிக்கலாம், சொல்ல கொட்னா அள்ள முடியாது" என்றாள். அத்தை வீட்டுப் பக்கத்தில் ஏதோ சண்டை, அதைச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் ஏரியை விட்டுக் கிளம்புவதற்கு முன்னால் ஒன்று நடந்தது. சுருளில் நாலைந்து படம் மிச்சமிருந்தது. நைனா என்னிடம் வந்து, "ஒண்ணு நா எடுக்கறேன் பாப்பா, நீ ஒர்த்திதான் எதுலயும் இல்ல" என்றார். உண்மைதான், எடுக்கிறவள் எதிலும் விழ மாட்டாள். கேமராவை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினார். பொத்தான் வலப்பக்கம். திடீரென்று கேமராவையே தலைகீழாகக் கவிழ்த்துப் பிடித்தார். இப்போது பொத்தான் கீழே இடப்பக்கம் வந்துவிட்டது, இடது கட்டை விரலால் அழுத்திக்கொள்ளலாம், வலது கையால் மறுபக்கம் தாங்கிக்கொள்ளலாம். இதை அவர் வீட்டில் எத்தனை நாள் யாருக்கும் தெரியாமல் பழகிப் பார்த்தாரோ, அவ்வளவு சரளமாக வந்தது. "சூரப்புலிடா நீ" என்று அத்தை கத்தினாள். நானும் அம்மாவும் தம்பியும் நின்றோம். தாங்கிப் பிடித்த வலது கை, மிச்சமிருந்த மொட்டை விரல்களோடு, கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்றதை நான் பார்த்தேன். சன்னல் வேறு, கண்ணாடி வேறு. சன்னலில் பார்க்கிற அவருக்கு அது தெரியாது.

"கை மறைக்குது நைனா, கைய எடு" என்று கத்தினேன். கத்திக்கொண்டிருக்கும்போதே அழுத்திவிட்டார்.

திருவள்ளூர் தேரடிப் பக்கம் ஒரு ஸ்டுடியோவில் பிலிமைக் கழுவக் கொடுத்திருந்தோம். ஒரு வாரம் கழித்துப் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நானே போய் வாங்கினேன். 'மேக்ஸி சைஸ்' படங்கள், பளபளவென்று. நடந்துகொண்டே ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எண்ணெய்த் தாளில் சொன்னபடியே எல்லாம் வந்திருந்தது, ஒரு தலைகூட வெட்டுப்படவில்லை. அந்த ஒரு படம் மட்டும் வேறு மாதிரி இருந்தது. மேலே ஒரு மூலையிலிருந்து கறுப்பும் பழுப்புமாக மங்கலாக ஒன்று இறங்கிப் படத்தில் கால்வாசியை மறைத்தது. அதற்குக் கீழே அம்மா வாய்விட்டுச் சிரிக்கிறாள், தம்பி கண்ணைச் சுருக்குகிறான், நான் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறேன். வகுப்பில் இதைப் பார்த்தால் என்ன கேட்பார்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்தேன், அவ்வளவுதான், அதற்கு மேல் யோசிக்கவில்லை. இரண்டாகக் கிழித்தேன், நான்காகக் கிழித்தேன், இளநீர்க் கடை ஓரத்தில் குவிந்திருந்த மட்டைகளுக்குள் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

நைனா எல்லாப் படத்தையும் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் 'ஷோக்கா கீது' என்றார். கடைசியில், "நா எடுத்தது எங்க?" என்றார்.

"அது விழல நைனா."

"நா எடுத்தா எங்க விழும்" என்று சொல்லிவிட்டு மறுபடி முதலிலிருந்து பார்த்தார். நான்கு நாள் கழித்து, பின்னலைப் போட்டுக்கொண்டே, நெகட்டிவிலாவது இருக்குமா என்று கேட்டார். வெளிச்சம் புகுந்துவிட்டது என்று ஸ்டுடியோவில் சொன்னதாகச் சொன்னேன். ஒரு பொய்க்கு இன்னொரு பொய் முட்டுக்கொடுத்தது. அவர் அதன்பிறகு கேட்கவில்லை. கேமராவையும் அதன்பிறகு கையால் தொடவில்லை. யாராவது கேட்டால் தம்பியை எடுத்துவரச் சொல்வார்.

அடுத்த ஆயுத பூஜைக்குத்தான் நான் செய்தது என்னவென்று எனக்கே கொஞ்சம் தெரிந்தது. காக்களூரில் ஆயுத பூஜை தீபாவளிக்கும் ஒரு படி மேல். அன்றைக்கு மட்டும்தான் குடும்பத்தை உள்ளே விடுவார்கள். மிஷின்களைக் கழுவித் துடைத்து, கலர்க் காகிதம் ஒட்டி, வாழைக்கன்று கட்டி, பொரியும் கடலையும் குவித்து வைத்திருப்பார்கள். தன் மிஷினுக்குத் தானேதான் பொட்டு வைக்க வேண்டும் என்பது அங்கே ஒரு முறை. நைனா அந்த மிஷினை விட்டு நான்கு வருஷம் ஆகியும், அதில் அப்போது வேலை செய்தவர், "அண்ணே, நீ வை. உன்னுதுதான் அது" என்று ஒதுங்கிக்கொண்டார்.

நைனா சந்தனத்தைக் கரைத்தார். அந்த வலது கையால்தான். தன் விரலைத் தின்ற பிரஸ்ஸுக்கு, மிச்சமிருந்த அரை மோதிர விரலால் சந்தனத்தை எடுத்து, மேல் தலையில் மூன்று கோடு இழுத்தார், நடுவில் குங்குமம் வைத்தார். வைத்துவிட்டு அதன் நெற்றியைத் தட்டிக்கொடுப்பதுபோல ஒரு தட்டுத் தட்டினார். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். இதைவிட நல்ல போட்டோ என் வாழ்நாளில் என் முன்னால் வரவில்லை, வரப்போவதும் இல்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு, அவர் கையை எடுக்கட்டும் என்று காத்திருந்தேன்.

அவர் திரும்பினார். என் கண்ணில் கேமரா இருப்பதைப் பார்த்தார். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சந்தனம் காயாத கை தானாகப் பின்னால் போயிற்று. அழுத்தினேன். அந்தப் படம் இன்னும் ஆல்பத்தில் இருக்கிறது: பொட்டு வைத்த மிஷின், பக்கத்தில் கையைப் பின்னால் கட்டிய நைனா, சந்தனம் யார் வைத்தது என்று யாருக்கும் தெரியாது. திரும்பி வரும்போது அவருடைய வெள்ளைச் சட்டையின் முதுகில் மஞ்சளாக ஒரு கறை இருந்தது. கையைப் பின்னால் கொண்டுபோன இடம். அதைப் பார்த்தபடியே அவர் பின்னால் நடந்து வந்தேன், அன்றைக்குக் கேட்டிருக்கலாம், சொல்லியிருக்கலாம். பதிமூன்று வயதுக்காரிக்கு மன்னிப்புக் கேட்பதைவிடச் சட்டையைத் துவைத்துப் போடுவது சுலபமாக இருந்தது. துவைத்துப் போட்டேன்.

அதன்பிறகு அந்தக் கை போட்டோவுக்கு வரவேயில்லை. என் கல்யாணத்தில் தாரை வார்க்கும்போது நைனா கைமேல் துண்டைப் போட்டுக்கொண்டார். வீடியோக்காரர் இரண்டு தடவை, "அய்யா, துண்ட எடுங்க" என்றார். நைனா கேட்காதது மாதிரி ஐயரையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைத் தாரை வார்த்துக் கொடுத்தது ஒரு டவல்தான் என்று ஆல்பத்தைப் பார்க்கிறவர்கள் நினைத்துக்கொள்ளலாம். என் மகள் பிறந்தபோது போனை நீட்டினேன். குழந்தையைச் சட்டென்று அம்மா மடியில் மாற்றிவிட்டு ஓரமாக நகர்ந்தார். போனை உள்ளே வைத்த பிறகு வாங்கிக்கொண்டார். "போட்டோவ உடு, புள்ளய குடு" என்றார். அப்போதும், கையை மறைக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொன்னால், எதற்காக மறைக்கிறார் என்பது எனக்குத் தெரியும் என்றாகிவிடும். ஏரிக்கரையையும் எடுத்துப் பேச வேண்டியிருக்கும். அவரும் மறந்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறந்த கை எப்படி ஒவ்வொரு தடவையும் பின்னால் போகும் என்று மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை.

நைனாவின் காரியத்தன்று, பூமாலை போட்ட படத்தின் முன்னால் அத்தை வந்து நின்றாள். நல்ல படம்தான், தம்பி போனில் எடுத்தது, கலர் திருத்திச் சட்டம் போட்டிருந்தோம். அத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"இன்னாடி இது, பேங்க் மேனேஜர் மாதிரி கீறான். என் தம்பி கையி எங்கடி? டீ கிளாஸ கவ்விக்கினு நிப்பானே, அப்டி ஒண்ணு இல்ல? நீதானடி போட்டோக்காரி."

'கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதுக்கு' என்பார்கள். எனக்கு வேண்டியிருந்தது. அத்தை கேட்ட பிறகுதான் உட்கார்ந்து தேட ஆரம்பித்தேன். ஆல்பங்களில் கை இல்லை, கை செய்த வேலை மட்டும் இருந்தது. தம்பி எடுத்த என் சின்ன வயதுப் படங்களில் வலது பக்கப் பின்னல் சாய்ந்து நிற்கிறது, பள்ளிக்கூடத்துப் படத்தில் மட்டும் நேராக இருக்கிறது. பீரோவில் அந்த டப்பாவுக்கு அடியில், பழைய நோட்டு அட்டைக்குள், அம்மா நெகட்டிவ்களை வைத்திருந்தாள். அவளுக்கு எதையும் எறியத் தெரியாது, நல்லவேளை. துண்டு துண்டாகச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நெகட்டிவில் எல்லோரும் வெள்ளை முடியும் கறுப்புப் பல்லுமாக இருப்பார்கள், யாரையும் சட்டென்று அடையாளம் தெரியாது. ஆனால் ஒரு துண்டில், மூன்று படம் நேராக இருக்க, நாலாவது மட்டும் தலைகீழாக இருந்தது. கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து எடுத்த ஒரே படம். நான் கிழித்தது பிரிண்டை மட்டும்தான், வெளிச்சம் புகுந்த பொய்யை அத்தனை வருஷத்தில் நானே நம்பிவிட்டிருந்தேன். மூலையில் அவருடைய கை இருந்த இடம் மட்டும் இருட்டில்லாமல், சன்னல் வெளிச்சத்தைத் தாராளமாக விட்டது.

தேரடி ஸ்டுடியோ இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. நெகட்டிவ் என்றால் என்ன என்று கேட்கிறார்கள். மூன்று கடை ஏறி இறங்கி, கடைசியில் பிளெக்ஸ் பேனர் அடிக்கிற ஓர் இடத்தில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் வாங்கிப் பார்த்தாள். வெள்ளை ஸ்கிரீன்மேல் வைத்துப் போட்டோ பிடித்து, கலரை மாற்றினாள். ஏரி வந்தது. அம்மா வந்தாள், முப்பது வயதுகூட ஆகாத அம்மா. தம்பி வந்தான். நான் வந்தேன்.

"அக்கா, மூலையில கறை மாதிரி கீது பாருங்க. பழைய நெகட்டிவ் இல்லியா, பூஞ்சை புட்ச்சிருக்கும். எட்த்துட்டு நீட்டா குடுக்கட்டுமா? ரெண்டு நிமிஷம்தான்."

அவள் சுட்டியை அதன்மேல் கொண்டுபோய்விட்டாள்.

"அது கறை இல்லம்மா. எங்க நைனா கை."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள், பிறகு படத்தைப் பார்த்தாள், பிறகு ரொம்ப நேரம் அந்தக் கையைத் தெளிவாக்கப் பாடுபட்டாள். வரவில்லை. கண்ணாடிக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்தது தெளிவாகாதாம். மொட்டை விரலா, மேகமா, படகின் நிழலா என்று தெரியாத ஒரு மங்கல். இருக்கிற ஒரே படம் அதுதான்.

அதைச் சட்டம் போட்டு நைனாவின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். அந்தப் பட்டறை இப்போது பார்சல் கம்பெனியின் கிடங்கு. பிரஸ் மிஷின் எந்தக் காயலான் கடைக்குப் போயிற்றோ தெரியாது. பிலிம் இல்லை, டப்பா இல்லை, காடி வாடை இல்லை, படம் கெட்டுப்போகுமோ என்ற பயமும் யாருக்கும் இல்லை, கெட்டுப்போனதை எடுத்த இடத்திலேயே அழித்துவிடலாம். என் மகள் தினமும் அழிக்கிறாள். அழிப்பதற்கு முன்னால் ஒரு தடவை என்னிடம் காட்டச் சொல்லியிருக்கிறேன், ஏன் என்று கேட்கிறாள், இன்னும் சொல்லவில்லை. அத்தையிடம் மட்டும் சொன்னேன், கிழித்ததையும் சேர்த்து. அவள் திட்டவில்லை. படத்தின் மூலையில் தன் விரலை வைத்து, அந்த மங்கலின் ஓரமாக மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினாள், "அவன்தான்" என்றாள்.

வருகிறவர்கள் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, நீ மட்டும் ஏன் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறாய், பாடுகிறாயா என்று கேட்கிறார்கள். நான் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்குத் தெரியும். கைய எடு என்கிறேன். எடுத்துவிட்டார். அதற்கப்புறம் சாகிறவரைக்கும் திருப்பிக் கொண்டுவரவேயில்லை.